இரண்டாவது அட்டை

“‘துப்பாக்கியில் குறை எதுவும் இல்லை. சுடுபவர் பயிற்சியில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.’ அப்படியே எழுதியிருக்கான் துப்பாக்கிக் கம்பெனிக்காரன், கோச். எனக்கு. ஒரு எழுத்து நான் கூட்டிச் சொல்லல.”

பியூலா டீச்சர் கடிதத்தை மேசையில் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்கு. பக்கத்தில் இருந்த டீ டம்ளர் சாய்ந்துவிட்டது.

மும்தாஜ் டம்ளரை நிமிர்த்தினாள். பாளையங்கோட்டையில் காற்றுத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுப்பவள். வயது முப்பத்தொன்று. டீச்சருக்கு ஐம்பத்தாறு, ஊரறிந்த தலைமை ஆசிரியை. இந்தப் பயிற்சிக் கூடத்துக்குள் மட்டும் அவர் சிஷ்யை.

“இதுவரைக்கும் எத்தனை கடிதம் போட்டீங்க, டீச்சர்?”

“ஏழு. ஏழும் இங்கிலீஷ்ல. ஒரு பிழை கண்டுபிடிக்கட்டும், பார்ப்போம்.”

“கடிதத்தில பிழை இருக்காது. துப்பாக்கியில என்ன?”

“முதல் பத்து குண்டு நேரா போகுது. அதுக்கப்புறம் இடது பக்கமா ஒதுங்குது. வாங்கி ரெண்டு மாசம் ஆகல. போட்டிக்கு இன்னும் முப்பதே நாள். அங்க அறுபது குண்டு சுடணும். பத்தோட எந்திரிச்சு வந்துர முடியுமா? ஸ்கூல்ல வாட்ச்மேன் வரைக்கும் சொல்லிவச்சிருக்கேன்.”

“கடிதத்தோட என்ன வச்சு அனுப்பினீங்க?”

“சுட்ட இலக்கு அட்டை. நாலு. எல்லாம் நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சுக்கு மேல. யாரோ கத்துக்குட்டி எழுதுதுன்னு நினைச்சிரக் கூடாதுல்ல.”



“அது தினமும் முதல் பத்து குண்டு சுடுற அட்டைதானே?”

“ஆமா.”

“ரெண்டாவது அட்டை எங்க?”

டீச்சர் கைப்பையின் வாரைச் சரிசெய்தார். “கிழிச்சுப் போட்டுருவேன். அதை வச்சுக்கிட்டு என்ன பண்ண?”

அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். நன்றாகச் சுட்ட அட்டையில் பெயரும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்வார்கள். மோசமானது குப்பைக் கூடைக்குப் போகும். டீச்சர் மட்டும் நாலாகக் கிழித்துப் போடுவார். முப்பது வருடம் அடுத்தவர் தாளில் சிவப்பு மையால் வட்டம் போட்டவர்.

மும்தாஜ் டீச்சரின் துப்பாக்கியை எடுத்தாள். புதிய அட்டை மாட்டிப் பத்து குண்டு சுட்டாள். பத்தும் நடுவில்.

அடுத்த அட்டை மாட்டினாள். மூன்றாவது குண்டிலிருந்து துளைகள் இடது பக்கம் நகர்ந்தன. கடைசி இரண்டும் கறுப்பு வட்டத்தைத் தாண்டி வெள்ளையில் விழுந்தன.

“எழுபத்தொன்பது,” என்றாள். பேனாவை எடுத்து அந்த அட்டையில் தன் பெயரை எழுதினாள். தேதி போட்டாள். கையெழுத்தும் போட்டாள்.

“கோச், என்ன பண்றீங்க?”

“நான் சுட்டதுதானே.”

“ஸ்டேட் மெடல் வாங்கினவங்க நீங்க. எழுபத்தொன்பதுன்னு உங்க பேர்ல கம்பெனிக்குப் போகணுமா?”

“போகட்டும். இப்ப நீங்க சுடுங்க.”

டீச்சர் சுட்டார். முதல் அட்டை தொண்ணூற்றாறு. இரண்டாவது எழுபத்துநாலு. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு ஓரத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எதையோ கிறுக்கினார்.

மும்தாஜ் அட்டையைத் திருப்பி நீட்டினாள். “கம்பெனிக்காரனுக்குப் படிக்க வரணும், டீச்சர்.”

டீச்சர் அதன் கீழே முழுப் பெயரை எழுதினார். சான்றிதழில் போடுகிற கையெழுத்தைப் போட்டார்.

எட்டாவது கடிதத்தை மும்தாஜ் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதினார். ‘இத்துடன் நான்கு அட்டைகள். சுட்டவர்கள் இருவர். ஒவ்வொருவரின் இரண்டாவது அட்டையையும் பார்க்கவும்.’

“இவ்வளவுதானா? ஒரு வார்த்தை நறுக்குன்னு கேட்க வேண்டாமா?”

“ஏழு தடவை கேட்டாச்சே.”

கடிதத்தோடு துப்பாக்கியும் போனது. பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தது. பெட்டிக்குள் ஒரு தாள். ‘குழலைப் பிடிக்கும் வளையம் தளர்ந்திருந்தது. மாற்றிவிட்டோம். சிரமத்துக்கு வருந்துகிறோம்.’

டீச்சர் அதை மூன்று முறை படித்தார். ஒரு முறை வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, சத்தமாக.

“இப்ப பாருங்க, கோச்.”

முதல் அட்டை தொண்ணூற்றேழு. இரண்டாவது தொண்ணூற்றாறு. டீச்சர் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். பேனா தயங்கவே இல்லை.

மூன்றாவது அட்டையில் ஒன்பது துளைகள் நடுவில் நெருங்கிக் கிடந்தன. ஒன்று மட்டும் தனியாக, இடது பக்கம், வெள்ளையில்.

மும்தாஜ் துப்பாக்கியை வாங்கிக் குழலைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. அதே துப்பாக்கியால் ஒரு அட்டை சுட்டாள். பத்தும் நடுவில்.

திரும்பினாள். டீச்சரின் விரல்கள் மூன்றாவது அட்டையின் மேல் விளிம்பில் இருந்தன. அரை அங்குலம் கிழிந்திருந்தது.

மும்தாஜ் கையை நீட்டினாள்.

“டீச்சர், அந்த அட்டையைக் கொடுங்க.”