இடது கையாகவே பிறந்த கிட்டார்

கோயம்புத்தூரில் வேதகிரி என்றொரு மாட்டு டாக்டர் இருந்தார். பிறவியிலேயே இடது கைக்காரர். ஆனால் எழுதுவதும் சாப்பிடுவதும் வலது கையால்தான், அப்படித்தான் வளர்த்திருந்தார்கள். தொழுவத்தில் மட்டும், பசுவின் வயிற்றுக்குள் கன்று புரண்டு கிடந்தால், தானாக இடது கைதான் உள்ளே போகும். மாடுகள் அதற்கு ஆட்சேபம் சொன்னதில்லை.

ஐம்பது வயதில் அவருக்கு எலக்ட்ரிக் கிட்டார் கற்றுக்கொள்ள ஆசை வந்தது. சுங்கம் பகுதியில் ஒரு மாடியறையில் சொல்லித்தரும் ஜெசிந்தாவிடம் போய்ச் சேர்ந்தார். ஜெசிந்தா அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் வேதகிரிக்கு அவர் ‘மிஸ்’. நாமும் அப்படியே சொல்வோம்.

முதல் வகுப்பில் மிஸ் ஒரு சாதாரண கிட்டாரின் கம்பிகளைக் கழற்றி, மேலே இருந்ததைக் கீழே மாற்றிக் கட்டி, அவர் மடியில் வைத்தார்.

“இதுல ஆரம்பிங்க சார்.”

வேதகிரி கையை அசைத்துப் பார்த்தார். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் முழங்கையில் இடித்தன.

“இது வலது கைக்காரங்களுக்குச் செஞ்சதுங்களே மிஸ்.”

“ஆமா. உங்களுக்காகத் திருப்பிக் கட்டியிருக்கேன்.”

“அடுத்தவங்களுக்குச் செஞ்சதைத் திருப்பிப் பிடிச்சே என் காலம் போயிருச்சுங்க. இதையாவது எனக்குன்னு செஞ்சதா எடுக்கறனே?”

“கடையில புதுசா கிடைக்குது சார், இடது கைக்கே செஞ்சது.”

“புதுசு வேண்டாங்க. நான் பிறந்த வருஷத்துல செஞ்சதா இருக்கோணும். இடது கையாவே பிறந்து, இடது கையாவே வாழ்ந்ததா இருக்கோணும்.”

மிஸ் அவர் முகத்தைப் பார்த்தார். விளையாட்டாகச் சொல்லவில்லை என்று தெரிந்தது.

“சரி, தேடுங்க. அது வரைக்கும் இதுல பழகுங்க.”

“கை கெட்டுப் போயிருமுங்க” என்று வேதகிரி அதை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டார்.

தேடல் ஆரம்பித்தது. பழைய சாமான் விற்கும் இணையதளங்களில் ‘லெஃப்ட்’ என்று தட்டினார். நிறைய வந்தன. முதல் ஆளுக்கு ஆசை ஆசையாகப் போன் செய்தால், “ஒன்லி ஒன் லெஃப்ட்னா, ஒண்ணுதான் மிச்சம் இருக்குன்னு அர்த்தம் சார்” என்றான்.

பெங்களூரில் ஒன்று இருந்தது. படத்தில் பார்க்க அச்சு அசல் இடது கை. ரயிலேறிப் போனார். விற்கிறவன் கதவைத் திறந்து வலது கை கிட்டாரை நீட்டினான்.

“படத்துல வேற மாதிரி இருந்துச்சே?”

“செல்ஃபி கேமராவுல எடுத்தேன் சார். அது எல்லாத்தையும் திருப்பித்தான் காட்டும்.”

பாண்டிச்சேரியில் கிடைத்ததற்கு உடம்பு இடது கை, கழுத்து வலது கை. யாரோ இரண்டு கிட்டார்களை வெட்டி ஒட்டியிருந்தார்கள். “எருமைக்குக் குதிரைத் தலையை வெச்சுத் தெச்ச மாதிரி இருந்துதுங்க மிஸ்” என்று வந்து பொருமினார்.

கொச்சிக்காரன் உண்மையானதையே வைத்திருந்தான். வேதகிரி பாலக்காட்டைத் தாண்டிக்கொண்டிருந்தபோது அதை வேறு யாருக்கோ விற்றுவிட்டான்.

சனிக்கிழமைதோறும் வகுப்புக்கு வருவார். நாற்காலியில் கிடக்கும் கிட்டாரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்காருவார். அந்த வாரம் எவன் எப்படி ஏமாற்றினான் என்று சொல்லி முடிப்பதற்குள் வகுப்பு நேரம் முடிந்துவிடும்.

“இந்த ஊர்ல இடது கைக்காரனே பிறக்கலீங்களா மிஸ்? எல்லாக் கிட்டாரும் எங்கதான் போச்சு?”

அவர் போனதும், மிஸ் கிட்டாரை மறுபடி நாற்காலியில் வைப்பார்.

ஒரு வருடம் கழித்துக் குன்னூரிலிருந்து செய்தி வந்தது. டெஸ்மண்ட் என்பவர் விற்கிறார். ஒரு காலத்தில் கிளப்பில் வாசித்தவர், இடது கைக்காரர். இன்னொரு முறை ஏமாற வேதகிரிக்குத் தெம்பில்லை. மிஸ்ஸையும் கூட்டிக்கொண்டு போனார்.

மிஸ் கிட்டாரைத் திருப்பிப் பார்த்தார், கழுத்தைத் தடவினார், அதில் பொறித்திருந்த வரிசை எண்ணைப் படித்தார்.

“உண்மையானதுதான் சார். நீங்க பிறந்த வருஷம்தான்.”

வேதகிரி வாங்கி மடியில் வைத்தார். மார்போடு ஒட்டி உட்கார்ந்தது. எங்கும் இடிக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“என் விரல் இப்ப மடங்கறதில்ல மிஸ்டர்” என்றார் டெஸ்மண்ட். “கொண்டு போங்க. ஆனா நான் அப்பப்ப போன் பண்ணுவேன். எதையாவது வாசிச்சுக் காட்டணும். இதோட சத்தத்தைக் கேக்காம என்னால இருக்க முடியாது.”

“கண்டிப்பா வாசிக்கறேனுங்க” என்றார் வேதகிரி.

அடுத்த சனிக்கிழமை வெறுங்கையோடு வந்தார்.

“கிட்டார் எங்க சார்?”

“வீட்ல இருக்குதுங்க. வெயில்ல கொண்டு வந்தா மரம் வெடிச்சிரும். அதுக்குன்னு ஒரு ரூம்ல ஏசி போட்டிருக்கேன்.”

“வாசிச்சுப் பார்த்தீங்களா?”

“எதுல போட்டு வாசிக்கறதுங்க? அதே வருஷத்து ஆம்ப்ளிஃபையர் வேணுமல்லங்க? இப்ப வர்ற பெட்டியில மாட்டினா அந்தக் கிட்டாருக்கே அவமானம். தேடிட்டிருக்கேன். ஹைதராபாத்துல ஒருத்தன் இருக்குதுன்னான், படத்தை அனுப்புடான்னா மிக்சி படத்தை அனுப்பறான். இந்த ஜனங்களோட...”

அவர் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, சத்தத்தை நிறுத்திப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

“யாரு சார்?”

“டெஸ்மண்டுங்க. வாசிச்சுக் காட்டச் சொல்லுவாரு.”

“எடுங்களேன்.”

“ஆம்ப் வரட்டுமுங்க மிஸ்.”

மிஸ் எழுந்தார். ஓரமாக இருந்த கிட்டாரை எடுத்து, கொஞ்சம் பலமாகவே, அவர் மடியில் வைத்தார்.

“இன்னிக்கு வாசிக்கறீங்க.”

“இது வேண்டாங்க.”

“ஒரு கம்பியைத் தட்டுங்க, போதும்.”

வேதகிரிக்குக் கோபம் வந்துவிட்டது. முகம் சிவந்தது.

“உங்களுக்குப் புரியாதுங்க மிஸ். இத்தனை நாள் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. சின்ன வயசுல, சோறு போட்டாலும் சரி, சிலேட்டைக் கொடுத்தாலும் சரி, எங்கப்பா இந்தக் கையைத் துண்டால இடுப்போட சேர்த்துக் கட்டிப் போட்டுருவாரு. அழுதாலும் அவிழ்க்கமாட்டாரு. நான் வலது கைக்காரனா மாறுற வரைக்கும் கட்டினாரு. தெரியுமுங்களா? அப்படிப்பட்ட கைக்கு நான் நல்லதா ஒண்ணு தேடக் கூடாதுங்களா?”

மடியில் கிட்டார் கிடக்க, அதைத் தொடாமல் இடுப்போடு ஒட்டி நின்ற அவருடைய இடது கையை மிஸ் பார்த்தார்.

“அவர் வெறும் துண்டாலதான சார் கட்டினாரு?”