நடுப்பாறையில் தொங்கிய பைகள்

ஒரு காட்டில், வருடத்தில் பாதி நாள் மேகம் தரையிலேயே படுத்துக் கிடக்கும். மரங்கள் கழுத்தளவு வெள்ளையில் நிற்கும். பக்கத்தில் நிற்பது யார் என்பதைக் குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தைகளே, அப்படிப்பட்ட காட்டில் ஒருவரை ஒருவர் தேடிப் போனால் வழி தவறிவிடும். அதனால் அங்கே ஒரு தபால் நடந்தது.

சேதியை அகன்ற இலையில் நகத்தாலோ குளம்பாலோ கீறிக் கொடுத்தால் போதும். பள்ளத்தாக்கில் மரத்துக்கு மரம் தாவி அணில்கள் அதைச் சேர்க்கும். மலைச்சரிவில் பாறைக்குப் பாறை ஏறி வரையாடுகள் சேர்க்கும். இரண்டுக்கும் இடையே பெரிய பாறை ஒன்று இருந்தது. நடுப்பாறை என்று அதற்குப் பெயர். அணில்களும் வரையாடுகளும் தினமும் காலையில் அங்கே கூடிப் பைகளை மாற்றிக்கொள்ளும். கீழே எழுதியது மேலே போகும். மேலே எழுதியது கீழே வரும்.

கட்டணம் ஓர் இலைக்கு ஒரு நெல்லிக்காய். பக்கத்து மரத்துக்கு என்றாலும் ஒன்று, மலையுச்சிக்கு என்றாலும் ஒன்று. அந்த வழக்கத்தை யாரும் மனமிரங்கிக் கொடுக்கவில்லை. சுமந்தவர்களின் சங்கம் போராடி வாங்கியது.

நெல்லிக்காய்களை வாங்கி வைப்பதும், சுமப்பவர்களுக்குப் பங்கு அளந்து கொடுப்பதும் உடும்பின் வேலை. உடும்பு ஒன்றைப் பிடித்தால் விடாது. அது ஒருநாள் தன் பொந்தின் வாசலில் நின்று அறிவித்தது.

"தபால் நஷ்டத்தில் ஓடுகிறது. இனிமேல் மலைக்குப் போகும் இலைக்கு மூன்று நெல்லிக்காய். சுமப்பவர் ஒவ்வொருவரும் இரண்டு பை தூக்க வேண்டும். பங்கு மட்டும் பழைய பங்குதான்."

சங்கத்தின் சார்பில் இரண்டு பேர் பேசப் போனார்கள். ஒருத்தி முகிலி என்ற வரையாடு. நின்ற இடத்தை விட்டு நகராதவள். இன்னொருவன் துடியன் என்ற அணில். எதிலும் அவசரக்காரன்.

"நஷ்டம் என்கிறீர்களே உடும்பாரே, பொந்துக்குள்ளிருந்து நெல்லிக்காய் வாசம் ஆளைத் தூக்குகிறதே?" என்றான் துடியன்.

"அது பழைய வாசம்" என்றது உடும்பு.

"மலைமேல் இருப்பவர்கள் செய்த குற்றம் என்ன?" என்று முகிலி கேட்டாள். "மேகத்துக்குள் தனியாகக் கிடப்பவர்களுக்குத்தான் சேதி அதிகம் வேண்டும். அவர்களிடம் போய் மூன்று மடங்கு கேட்டால் எப்படி எழுதுவார்கள்?"

"எழுதாவிட்டால் உனக்குத்தானே சுமை குறைவு? சந்தோஷப்படு."

"ஒரு பையோடு ஏறும்போதே மழைக்காலத்தில் குளம்பு வழுக்குகிறது. இரண்டு பையோடு ஏறினால் விழுவோம். விழுந்தவருக்குப் பங்கு உண்டா?"

"விழாமல் ஏறப் பழகிக்கொள்" என்று சொல்லிவிட்டு உடும்பு தன் நாக்கை ஒருமுறை வெளியே நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டது. பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மறுநாள் காலை நடுப்பாறையில் சங்கம் கூடியது.

"ஒரே காடு, ஒரே கட்டணம்!"

முழக்கம் மேகத்துக்குள் போய், எங்கோ மோதி, இன்னும் பல பேர் சொன்னதுபோல் திரும்பி வந்தது. எல்லோரும் தங்கள் வெறும் பைகளைப் பாறையோரத்து மரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். வேலைநிறுத்தத்துக்கு அங்கே அதுதான் அடையாளம். இறக்கினால் எல்லாப் பைகளையும் ஒன்றாக இறக்க வேண்டும், தனியாக எவரும் கைவைக்கக் கூடாது என்பது சங்கத்தின் கட்டுப்பாடு.

அதன்பிறகு காடு தூக்கத்தில் மிதப்பதுபோல் ஆனது. சேதி இல்லாத இடத்தில் நேற்றும் இன்றும் ஒன்றாகக் கலந்துவிட்டன. யாரோ யாரையோ கூப்பிட்ட குரல் பாதி வழியில் ஈரமாகி இலைகளின்மேல் உட்கார்ந்துகொண்டது. ஓடையின் சத்தம் ஒருநாள் கிழக்கிலிருந்து வந்தது, இன்னொரு நாள் மேற்கிலிருந்து வந்தது. மரத்தில் பைகள் மட்டும் பழுக்க மறுத்த பழங்களைப் போல மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.

உடும்பின் வாசலில் புதிதாக ஒரு நெல்லிக்காய்கூட விழவில்லை. அது வாலைச் சுருட்டுவதும் நீட்டுவதுமாக இருந்தது. உள்ளே போகும், வெளியே வரும், நடுப்பாறைப் பக்கம் கழுத்தை நீட்டிப் பார்க்கும்.

ஆனால் அதன் வாய் சும்மா இருக்கவில்லை.

ஒருநாள் ஒரு மிளா மான் நடுப்பாறைக்கு மூச்சிரைக்க ஏறி வந்தாள். "என் மகள் மலைமேல் இருக்கிறாள். நிறைமாதம். கன்று போட்டாளா இல்லையா என்றே தெரியவில்லை. உங்களுக்கு இந்த நேரத்தில்தான் வீம்பு வந்ததா?"

"அம்மா, கோபப்படுங்கள். அது நியாயம்தான்" என்றாள் முகிலி. "ஆனால் ஒன்றை யோசியுங்கள். இன்றைக்கு நாங்கள் விட்டுக்கொடுத்தால், பேரப்பிள்ளையை விசாரித்து எழுதும் ஒவ்வொரு இலைக்கும் நீங்கள்தான் மூன்று நெல்லிக்காய் தேட வேண்டும்."

"உடும்பார் வேறு மாதிரி சொல்கிறாரே! உங்களுக்குத் தீனி போதவில்லையாம். அதற்காகத்தான் விலையை ஏற்றினாராம்."

துடியன் கிளையிலிருந்து கீழே குதித்தான். "நாங்களா கேட்டோம்? பங்கைக் கூட்டச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் வாலை அறுத்துப் போடுங்கள்! அந்த ஆளுக்கு உடம்பெல்லாம் தோல், நாக்கு மட்டும் தேன்!"

மிளா நம்பியும் நம்பாமலும் இறங்கிப் போனாள். சுமப்பவர் சொல்வதை அந்தக் காடு பாதிதான் நம்பும். வைத்திருப்பவர் சொல்வதை முழுசாக நம்பும்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. துடியனின் கூடு தெப்பமாக நனைந்தது. அவனுடைய குட்டிகள் ஒன்று மாற்றி ஒன்று தும்மின.

ஒரு மத்தியானம் உடும்பு மூச்சுவாங்க அந்தக் கூடு இருந்த மரத்தில் ஏறி வந்தது.

"தம்பி துடியா, குட்டிகள் தும்முவது என் பொந்துவரை கேட்கிறது. மனசு பொறுக்கவில்லை. ஆற்றோரத்து ஆலமரத்தில் காய்ந்த பொந்துகள் சும்மா கிடக்கின்றன. அணில்களுக்கே கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன்."

துடியனின் காது நிமிர்ந்தது. "நல்லது உடும்பாரே. முகிலி அக்காவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். உட்கார்ந்து பேசுவோம்."

"அவளுக்குப் பொந்து எதற்கு? பாறையில் படுப்பவள். நான் அணில்களிடம் பேச வந்திருக்கிறேன். நீயே சொல், வேகமாக வேலையை முடிப்பது யார்?"

"நாங்கள்தான்."

"நஷ்டம் எங்கே வருகிறது? மலையில். அதை உன் முதுகில் ஏன் ஏற்றிக்கொள்கிறாய்? உங்களுக்கு ஒற்றைப் பை போதும். பங்கும் கூட்டித் தருகிறேன். மலை விவகாரத்தை மலை பார்த்துக்கொள்ளட்டும்."

"அவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்?"

"இந்த மேகத்துக்குள் யார் முகம் யாருக்குத் தெரியப்போகிறது?"

துடியன் ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குத் தாவினான். தாவி முடிப்பதற்குள் முடிவெடுத்துவிட்டான்.

மறுநாள் அணில்கள் நடுப்பாறைக்கு வந்து தங்கள் பைகளை மட்டும் இறக்கின.

"நனையாமல் எடுத்து வைக்கிறீர்களா, தம்பி?" என்று முகிலி கேட்டாள்.

"இல்லை அக்கா. எங்கள் பிரச்சினை தீர்ந்துவிட்டது."

"நம் பிரச்சினை?"

"முதலில் நாங்கள் உள்ளே போகிறோம். உள்ளே இருந்துகொண்டு உங்களுக்காகவும் பேசுவோம். அதுதான் தந்திரம்!"

"உள்ளே போனதும் வாயில் நெல்லிக்காயைத் திணிப்பார்கள், துடியா. எப்படிப் பேசுவாய்?"

துடியன் தன் பையின் வாரைப் பல்லால் இழுத்து இறுக்கினான். "குட்டிகள் நனைகின்றன, அக்கா" என்றான் மெதுவாக.

முகிலி அவன் முகத்தருகே குனிந்தாள். பிறகு சொன்னாள்: "அதை ஏன் சங்கத்தில் சொல்லவில்லை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் இறங்கி வந்து, கூட்டைச் சுற்றி நின்று, எங்கள் உடம்பாலேயே மழையை மறைத்திருப்போமே."

அணில்கள் பைகளோடு இறங்கிப் போயின. அவற்றின் வால்கள் கொஞ்ச நேரம் வெள்ளைக்குள் ஆடின. பிறகு அவையும் தெரியவில்லை.

உடும்பு அன்றைக்கே அறிவித்தது: "மலையில் வேலை செய்ய ஆளில்லை. அந்த வழி மூடப்பட்டது."

மரத்தில் மிச்சமிருந்த வரையாடுகளின் பைமடிப்புகளில் மழைநீர் தேங்கியது. பாசி படர்ந்தது. ஒரு பைக்குள் தவளை குடிவந்தது. வரையாடுகள் ஒவ்வொன்றாகப் பாறைகளின்மேல் ஏறி மேகத்துக்குள் போய்விட்டன.

மிளா ஓர் இலையைக் கவ்விக்கொண்டு துடியனிடம் ஓடி வந்தாள். "அப்பா, வேலை தொடங்கிவிட்டதாமே! இதை உடனே என் மகளிடம் சேர்த்துவிடு."

"மலைக்குப் போகாது, அம்மா. பள்ளத்தாக்குக்குள் சொல்லுங்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் சேர்ப்பேன்."

"பள்ளத்தாக்கில் எனக்கு யார் இருக்கிறார்கள்? பக்கத்து மரத்தடியில் இருப்பவளிடம் பேச நான் கழுத்தைத் திருப்பினால் போதாதா? அதற்கு ஒரு தபாலா?"

அவள் தான் எழுதிய இலையைத் தானே மென்று விழுங்கினாள். பிறகு முன்னங்காலால் தடவித் தடவி மலைமேல் ஏறத் தொடங்கினாள். மேலே மகளைக் கண்டாள், கன்றையும் கண்டாள். இறங்கி வரவில்லை. மகளோடே தங்கிவிட்டாள்.

மேலே சொந்தம் உள்ளவர்கள் எல்லோரும் அதையே செய்தார்கள். ஏற முடியாதவர்கள் எழுதுவதை நிறுத்தினார்கள். அணில்களின் பைகள் நாளுக்கு நாள் இளைத்தன. துடியன் முன்னைவிட வேகமாகத் தாவினான். சுமை இல்லாதவன் வேகமாகத் தாவாமல் என்ன செய்வான்?

உடும்பு பள்ளத்தாக்குக் கட்டணத்தையும் உயர்த்தியது. எழுதியவர்களிலும் பாதிப் பேர் நின்றுபோனார்கள். அணில்களில் பாதிப் பேரை உடும்பு வீட்டுக்கு அனுப்பியது. பிறகு மீதிப் பாதியையும் அனுப்பியது. கடைசியில் துடியன் ஆலமரத்தில் தான் குடியேறியிருந்த பொந்துக்குத் திரும்பியபோது உள்ளே கறுப்பாக ஏதோ அசைந்தது.

அவன் உடும்பின் வாசலுக்கு ஓடினான். "எங்கள் பொந்தில் வௌவால்கள் இருக்கின்றன!"

"ஆமாம். நான்தான் கொடுத்தேன். நாளெல்லாம் தலைகீழாகத் தொங்குகின்றன. ஆனாலும் ஒரு கோரிக்கை வைப்பதில்லை. நல்ல ஜாதி."

"எங்களுக்கென்று வாக்குக் கொடுத்தீர்களே!"

"தபால் சுமக்கும் அணில்களுக்குக் கொடுத்தேன். தபால் எங்கே?"

"இது அநியாயம்! நாங்கள் வேலைநிறுத்தம் செய்வோம்!"

"செய், தம்பி" என்றது உடும்பு. அதன் பொந்து நிறைய இருப்பு இருந்தது. ஒரு நெல்லிக்காயை எடுத்துக் கடித்தது. "தாராளமாகச் செய்."

துடியன் நடுப்பாறைக்கு ஏறிப்போனான். பாறைக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. உலகம் அங்கேயே முடிந்துவிட்டதுபோல் வெள்ளை நின்றது. அவன் முகிலியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டான்.

முதலில் இரண்டு கொம்புகள் மட்டும் மிதந்து வந்தன. பிறகு முகம் வந்தது.

"தப்புச் செய்துவிட்டேன், அக்கா. வாருங்கள், மறுபடியும் சேர்ந்து பைகளைத் தொங்கவிடுவோம். இந்தமுறை கடைசிவரை நிற்பேன்."

"சுமக்க இலை இருந்தபோது தூக்க மாட்டோம் என்றோம். உடும்புக்கு வால் நடுங்கியது. இப்போது உன் பை காலி. எதைத் தூக்க மாட்டேன் என்று அதனிடம் போய்ச் சொல்வாய்?"

துடியன் தன் காலிப் பையை ஒருமுறை உதறிப் பார்த்தான்.

"வேறு வழியே இல்லையா, அக்கா?"

"இருக்கிறது. முதலிலிருந்து தொடங்குவது. ஒவ்வொரு மரத்தடிக்கும் போக வேண்டும். எழுதச் சொல்ல வேண்டும். சுமக்க ஆள் சேர்க்க வேண்டும். ஒருமுறை உடைந்ததைப் பார்த்தவர்கள் சுலபமாக நம்ப மாட்டார்கள். நம்மை வாசலிலேயே நிறுத்தி ஏசுவார்கள். என் ஆயுசில் முடியுமா என்றுகூடத் தெரியாது."

மேகம் இருவருக்கும் நடுவே வந்து நின்றது. முகம் மறைந்தது. கொம்புகள் மறைந்தன. குரல் மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"நாளைக்குக் காலையில் வா, துடியா. தனியாக வராதே."

நீதி: கூடச் சுமந்தவரைக் கைவிட்டுத் தனியாக வாங்கிய சலுகை, வாங்கிய கையிலேயே கரைந்துபோகும்.