ஆறு தலைப் படமும் ஒரு முதுகு வலியும்

தலையில எடுத்த கட்டி தலையிலதானே திரும்ப வரணும், முதுகுல எப்படி வரும்னு கேக்குற. அன்வரும் இதேதான் கேட்டான். அவனே மூளை டாக்டரு, உன்னை நான் என்ன சொல்ல.

ஆபரேஷன்ல அவன் கை அவ்வளவு சுத்தம். மீனு ஆய்ஞ்சு குடுத்தா ஒரு முள்ளு இருக்காதுன்னு அவன் பொண்டாட்டி பீத்திக்குவா. மீனை விடு. லாரி ஓட்டுற சவரிமுத்து தலையில, எப்பவாச்சும் யாருக்காச்சும் வர்ற கட்டி ஒண்ணு. அதை முழுசா எடுத்தது அந்தக் கைதான். ரெண்டு வருசம் கழிச்சு அவருக்குக் காலு மரத்துப்போச்சு. பாத்தா, முதுகுத்தண்டுல அதே கட்டி.

தனக்குத் தொழில் சொல்லிக்குடுத்த பெரிய டாக்டரம்மா மங்கையர்க்கரசி முன்னால ஆறு ஸ்கேன் படத்தை வரிசையா மாட்டினான்.

"பாருங்க மேடம். நான் எடுத்த இடத்துல ஒரு பொட்டு கூட இல்ல."

"இல்லதான்."

"அப்புறம் எப்படி?"

"மூளையைச் சுத்தித் தண்ணி ஓடுதுல்ல, அதுல மிதந்து கீழ எறங்கியிருக்கு. சில கட்டி அப்படித்தான். படத்தைக் கழட்டு. கேஸ் சீட்டை எடுத்து வாசி."

வாசிச்சான். "மார்ச். முதுகு வலி. டிரைவர். வலி மாத்திரை." பக்கத்தைத் திருப்பினான். "ஜூலை. முதுகு வலி. டிரைவர்."

மூணாவது தடவை 'டிரைவர்'ங்கிற இடத்துல நிறுத்திட்டான். லாரி ஓட்டுறவருக்கு முதுகு வலிக்கத்தானே செய்யும்னு அப்ப விட்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் தலையை மட்டும்தான் படம் எடுக்கச் சொல்லியிருந்தான்.

டாக்டரம்மா பக்கத்துல வந்து உக்காந்தாங்க. "நானும் இதே மாதிரி ஒரு தடவை 'டைலர்'னு எழுதி விட்டிருக்கேன்."

"அந்த டைலரம்மாகிட்ட என்ன சொன்னீங்க மேடம்?"

"ஒண்ணும் சொல்லல. வேற டாக்டர்கிட்ட மாத்தி விட்டுட்டேன். முப்பது வருசமாச்சு. பேரு சந்தனமாரி."

அவன் சீட்டுல சவரிமுத்து பேரு மேல விரலை வச்சான். அப்புறம், "இவருக்கு இன்னும் வைத்தியம் இருக்குல்ல?"

"இருக்கு. ஆபரேஷன் பண்ணலாம், ரேடியேஷன் கரண்டு வைக்கலாம். எவ்வளவு தூரம் கேக்கும்னு தெரியாது. அதையும், முதுகைப் பாக்காம விட்டதையும் நீதான் அவருகிட்ட சொல்லணும்."

"உண்மையைச் சொன்னா என்மேல நம்பிக்கை போயிடும் மேடம்."

"போகலாம். வலிக்குதுன்னு அவரு சொன்னப்ப நீ அவரை நம்பலையே, அன்வர்."

அவன் கேஸ் சீட்டுல மார்ச் பக்கத்தைத் திருப்பி மேசை மேல வச்சான்.

டாக்டரம்மா கதவுகிட்ட நின்ன ஆயா பக்கம் திரும்பினாங்க. "ராக்கு, சவரிமுத்துவையும் அவரு வீட்டம்மாவையும் கூட்டிட்டு வா. இந்த ஸ்டூல் வேண்டாம், முதுகு சாய்க்கிற நாற்காலியா ஒண்ணு உள்ள கொண்டா."