பல்லக்கைத் தூக்க வேண்டிய ராஜா

முன்னொரு காலத்தில், எந்த ஊர் என்று என்னைக் கேட்காதீர்கள், முன்கோபமும் முழங்கால் வலியும் உள்ள ஒரு ராஜா இருந்தார். அவர் நாட்டில் வீட்டுக்கு வீடு தினம் ஒரு பிடி தானியம் வைத்தியசாலைக்குக் கொடுப்பார்கள். யார் நோயில் விழுந்தாலும் அங்கே இலவசமாக மருந்து.

அரண்மனை விகடகவி மருதக்குட்டியின் மனைவி பொன்னாச்சி விஷக்காய்ச்சலில் கிடந்து, அந்த மருந்தால்தான் கண் திறந்தாள். இன்னும் ஒரு மாதம் கஷாயம் குடித்தாக வேண்டும். வைத்தியசாலை வாசலைக் கடக்கும்போதெல்லாம் மருதக்குட்டி செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் போவான்.

மந்திரி கோதண்டருக்கு அவனைக் கண்டாலே வயிற்றெரிச்சல். ஒருநாள் சபையில், "மகாராஜா, எனக்குத் தும்மல்கூட வந்ததில்லை. விகடகவி மனைவியின் காய்ச்சலுக்கு நான் ஏன் தானியம் கொடுக்க வேண்டும்?" என்றார்.

முழங்கால் குத்தலில் இருந்த ராஜா, "சரி, நோவு யாருக்கோ, சுமையும் அவருக்கே. இதுவே நம் கட்டளை!" என்று சொல்லிவிட்டார்.

மருதக்குட்டி வைத்தியசாலைக்கு ஓடினான். நோயாளிகள் மட்டும் கொடுத்தால் மருந்து அடுப்பு மூன்று நாள்கூட எரியாது என்று வைத்தியர் கையை விரித்தார். படுக்கையில் கிடப்பவள் எங்கே போய் உழைத்துக் கொடுப்பாள்?

மறுநாள் காலை ராஜா கோயிலுக்குக் கிளம்பினார். பல்லக்கு தரையில் இருந்தது. தூக்குகிற எட்டுப் பேரும் மரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா இது?"

"தங்கள் கட்டளைதான் மகாராஜா," என்றான் மருதக்குட்டி. "முழங்கால் நோவு தங்களுக்கு. ஆகவே பல்லக்குச் சுமையும் தங்களுக்கே. கால் நன்றாக இருக்கிற இவர்கள் ஏன் தூக்க வேண்டும்?"

"மடையா! நானே தூக்கினால் உள்ளே உட்காருவது யார்?"

"அதைத்தான் வைத்தியரும் கேட்கிறார், மகாராஜா. நோயாளியே சுமந்தால் படுக்கையில் கிடப்பது யார்? இந்த எட்டுப் பேரில் ஒருவனுக்குக் கால் சுளுக்கினால் மற்ற ஏழு பேர் தோள் கொடுக்கிறார்கள். யாருக்கு எப்போது சுளுக்கும் என்று யார் கண்டது?"

ராஜா முறைத்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். கட்டளையை அங்கேயே ரத்து செய்து, தன் முத்துமாலையைக் கழற்றி மருதக்குட்டியின் கழுத்தில் போட்டார்.

"கோதண்டரே, உமக்குத்தான் தும்மல்கூட வராதே! இன்று பல்லக்கின் முன்கொம்பு உம் தோளுக்கு!"

அன்று மாலை வைத்தியசாலையில் முதல் ஆளாகத் தோள் வீங்கி உட்கார்ந்திருந்தவர் கோதண்டர்தான்.

ஒரு மாதம் கழித்துப் பொன்னாச்சி தன் காலால் நடந்து வந்து, இரண்டு பிடி தானியம் போட்டாள். ஏன் இரண்டு என்று வைத்தியர் கேட்டார்.

"ஒண்ணு என்னைப் பிழைக்க வச்ச புண்ணியவான்களுக்கு சாமி," என்றாள். "இன்னொண்ணு மந்திரி ஐயா தோளுக்கு. பாவம், இன்னும் வீக்கம் வடியலையாமே!"