சிலம்பாயி வார்த்த சிம்மாசனம்

மலைகளெல்லாம் காலாற நடந்து திரிந்த காலத்தில், செம்பூர் நாட்டில் சிலம்பாயி என்று ஒரு வார்ப்புக்காரி இருந்தாள். வெண்கலத்தை உருக்கி ஊற்றி நாற்காலி, கட்டில், ஊஞ்சல் செய்வாள். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. ஊருக்கு அவள் கைவேலை பிடிக்கும். யாருக்கும் வளையாத கழுத்துதான் பிடிக்காது. எனக்கு அந்தக் கழுத்தைத்தான் பிடிக்கும்.

ஒருநாள் அரண்மனை மந்திரவாதி கும்பமாயன், மெழுகில் செய்த சிம்மாசனம் ஒன்றை வண்டியில் ஏற்றி வந்தான்.

"இந்த மெழுகுல மந்திரம் பிசைஞ்சிருக்கேன். இதை அப்படியே வெண்கலத்துல வார்த்துக் கொடு. உக்கார்றவன் எதைக் கேட்டாலும் 'சரி'ம்பான். ராஜா உக்காந்தா நாடு என் கையில!"

"மாட்டேன்."

பொன் தருகிறேன் என்றான். "மாட்டேன்." கோலை ஓங்கினான். "மாட்டேன்!"

பாவி, அந்தக் கோலை அவள் தங்கை கோதைமேல் நீட்டினான். துருத்தி ஊதிக்கொண்டிருந்த பெண் வெண்கலச் சிலையாகிவிட்டாள்.

"சிம்மாசனம் வந்தா தங்கச்சி வருவா. மூணு நாள் கெடு!"

சிலம்பாயி அழுதாள். அழுதுகொண்டே மெழுகின்மேல் களிமண் பூசி, காயவைத்து, சுட்டாள். மெழுகு முழுக்க உருகி அடித்துளை வழியாகச் சட்டியில் வழிந்தது. சட்டென்று அவள் அழுகை நின்றது. மந்திரம் மெழுகில்தானே? மெழுகுதான் வெளியே வந்துவிட்டதே! தொழில் தெரியாதவன் மந்திரம் போட்டால் இப்படித்தான்.

அந்த மெழுகை உலையடி மணைப்பலகையில் வழவழவென்று தேய்த்தாள். மண் அச்சை உடைத்தெறிந்தாள். ஆற்று மணலில் பள்ளம் பறித்து, ஈர்க்குச்சிகளைச் செருகி, காய்ச்சிய வெண்கலத்தை ஊற்றினாள். அது தன் இஷ்டத்துக்கு ஓடிக் கிளைத்து, ஒரு கோணல் சிம்மாசனமாக இறுகியது.

மூன்றாம் நாள் கும்பமாயன் வந்தான்.

"என்னடி இது, இடி விழுந்த வேலமரம் மாதிரி?"

"உக்காந்துதான் பாருங்களேன்."

"நானா? நான் என்ன மடையனா?" என்று சிரித்தபடி மணைப்பலகையில் சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

"என் தங்கச்சியை விடு."

"சரி."

"மந்திரம் எல்லாத்தையும் மறந்துடு."

"சரி!"

"நாட்டை விட்டு ஓடு."

"சரி, சரி!"

கண் விழித்த கோதை, ஓடுகிறவன் முதுகில் துருத்தியால் ஒன்று வைத்தாள்.

சேதி கேட்டு வந்த ராஜாவுக்கும் ஆசை விடவில்லை. "அந்தப் பலகையை எனக்குக் கொடம்மா. குடிகளை உக்கார வைக்கலாம்."

"மாட்டேன்." பலகையை உலையில் போட்டாள். "இந்தச் சிம்மாசனத்துல உக்காந்து யோசிங்க."

ராஜா அந்தக் கோணல் சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். உலையில் எரியும் பலகையைப் பார்த்தார். "வெட்கமா இருக்கு, தாயே" என்றார்.

அன்றுமுதல் அது குறை சொல்ல வரும் குடிகளின் ஆசனம். அவர்கள் உட்கார்ந்து "மாட்டோம்" என்பார்கள். ராஜா நின்று கேட்பார். அக்கா தங்கைக்கு ராஜா ஒரு செம்பு மலையையே பரிசாகக் கொடுத்தார். அவர்கள் கழுத்து வளையாமல் வாழ்ந்தார்கள். நமக்கும் கழுத்து இருக்கிறது.