அரசர் தலையில் ஒரு துண்டு

ஜப்பானில் யுமினே என்றொரு மலைநாடு. பனி கொட்ட ஆரம்பித்தால் மூக்கை வெளியே நீட்ட முடியாது. நல்லவேளையாக அரண்மனைக்குப் பின்னால் ஒரு வெந்நீர் ஊற்று இருந்தது. அரசர் ஹிசமாசா முதல் சமையல்காரர் வரை எல்லோருக்கும் அந்த ஒரே தொட்டிதான்.

குளியல் என்றால் நம்மைப்போல் நாலு செம்பு ஊற்றிக்கொண்டு ஓடுவதில்லை. முதலில் வெளியே முக்காலியில் உட்கார்ந்து அழுக்குப் போகத் தேய்த்துக் கழுவ வேண்டும். அப்புறம்தான் தொட்டிக்குள் இறங்கிச் சும்மா ஊற வேண்டும். தேய்த்த துண்டு அந்தத் தண்ணீரில் படவே கூடாது. அதனால் மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வார்கள். துண்டு விழுந்தால், யாராக இருந்தாலும், ஒரு வருஷம் தொட்டிப் பக்கமே வரக்கூடாது. அது அரசரின் தாத்தா போட்ட சட்டம்.

சபையில் கின்சுகே என்றொரு ஆலோசகர். பொல்லாத வாய், பாவம், முழங்கால்தான் வாதம் பிடித்தது. தினமும் வெந்நீரில் ஊறினால்தான் மறுநாள் எழுந்து நடப்பார். மந்திரி தொமோனரிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஒருநாள் அரசரின் காதைக் கடித்தார்.

"அரசே, சபையில் எல்லோரும் தங்களை வணங்குகிறார்கள். தொட்டியில் மட்டும் யாரும் வணங்குவதில்லையே!"

அரசருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாளை முதல் தொட்டியிலும் தலை குனிந்து வணங்க வேண்டும்! வணங்காதவருக்கு ஒரு வருஷம் வெந்நீர் கிடையாது!"

கின்சுகே கணக்குப் போட்டுப் பார்த்தார். குனிந்தால் துண்டு விழும், தாத்தா சட்டம் பிடிக்கும். குனியாவிட்டால் பேரன் சட்டம் பிடிக்கும். துண்டே இல்லாமல் போய்விடலாமா? மந்திரி வாசலிலேயே நின்று, தன் கையாலேயே அவர் தலையில் துண்டை வைத்து உள்ளே அனுப்பினார். அப்படி ஒரு அக்கறை!

உள்ளே அரசர் கழுத்துவரை வெந்நீரில், தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். கின்சுகே எதிரே போய் உட்கார்ந்தார். குனியவில்லை.

"அரசே, வணங்கவில்லை! பாருங்கள்!" என்று மந்திரி வாசலிலிருந்து கத்தினார்.

"ஏன் வணங்கவில்லை?" என்றார் அரசர்.

"ஒரே ஒரு சந்தேகம், அரசே. நான் வணங்கினால் தாங்கள் என்ன செய்வீர்கள்?"

"வேறென்ன? ஏற்றுக்கொண்டு தலையசைப்பேன். அதுதானே மரியாதை?"

"எப்படி அசைப்பீர்கள்?"

"இதோ, இப்படித்தான்."

தொபுக்!

அரசரின் துண்டு தண்ணீரில் மிதந்தது. அரசர் மெல்லக் கையை நீட்டித் துண்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். மூக்கு வழியாகத் தண்ணீர் சொட்டச் சொட்டக் கேட்டார்:

"கின்சுகே, ஏதாவது பார்த்தீரா?"

"இந்த ஆவியில் என்ன தெரிகிறது, அரசே? துண்டும் தெரியவில்லை, அரசரும் தெரியவில்லை. தெரியாதவரை எப்படி வணங்குவது?"

அரசரின் உதடு துடித்தது. வாசல் பக்கம் திரும்பினார். "மந்திரியாரே, நீர்?"

மந்திரி அவசரமாகக் கண்ணைக் கசக்கினார். "எனக்கும்... ஒன்றுமே தெரியவில்லை, அரசே."

"அப்படியானால் இவர் வணங்காததையும் நீர் பார்க்கவில்லை!"

அரசர் சிரித்த சிரிப்பில் தொட்டித் தண்ணீர் பாதி வெளியே வழிந்தது. உத்தரவு அன்றே ரத்து. பரிசும் உண்டு. மறுநாள் முக்காலியில் உட்கார்ந்த கின்சுகேவுக்கு, அரச கட்டளைப்படி, மந்திரி முதுகு தேய்த்துவிட்டார்.