மாமனார் கண்ணு பட்ட புடலங்காய்

கோரப்பள்ளத்துல சங்கிலி, இருளப்பன், சோணைன்னு மூணு அண்ணன் தம்பிங்க இருந்தாங்க. மூணு பேரும் முட்டாளுங்க. இதுல இழுத்துச் சொல்ல ஒண்ணுமில்லை.

மூத்தவன் சங்கிலியோட பொண்டாட்டி பொன்னுத்தாயி, கொல்லையில புடலைக்குப் பந்தல் போட்டிருந்தா. தங்கச்சி பிரசவத்துக்கு அவ தாய்வீடு கிளம்பினப்போ, கூட்டிட்டுப் போக வந்த அவ அப்பா மூக்கையா கறாரா ஒண்ணு சொல்லிட்டார். ரெண்டு மாசம் கழிச்சு அவரே கொண்டுவந்து விடுவாராம். அன்னைக்கு இலையில இந்தத் தோட்டத்துக் காய் விழணுமாம். ஒரு கொடியைக் காப்பாத்தத் தெரியாதவன் என் மகளை எங்கே காப்பாத்துவான், காய் இல்லேன்னா அவளைத் திரும்பக் கூட்டிட்டுப் போயிடுவேன்னார். பொன்னுத்தாயிக்குச் சங்கிலியை விட மனசில்லை. ஏன்னு எனக்குத் தெரியாது.

அதனால போகும்போது அவ மூணு பேரையும் நிக்க வச்சுச் சொன்னா. தினமும் கிணத்துத் தண்ணி ஊத்தணும். பிஞ்சு விட்டதும் கோணாம வளர நுனியில கல்லு கட்டணும். காய் மேல யார் கண்ணும் படக் கூடாது.

மறுநாளே மழை பிடிச்சுக்கிச்சு. மதினி சொன்னது கிணத்துத் தண்ணி, இது வானத்துத் தண்ணியாச்சேன்னு சோணைக்குக் கவலை. அண்ணனுங்க ரெண்டு பேரும் கொடிக்கு மேல குடை பிடிச்சாங்க. சோணை நனைஞ்சுக்கிட்டே கிணத்துல இறைச்சு, குடைக்கு அடியில குனிஞ்சு ஊத்தினான். அஞ்சு நாள் மழை. மூணு பேருக்கும் சளி பிடிச்சது. கொடிக்கு ஒண்ணும் ஆகலை.

பிஞ்சு விட்டுச்சு, மொத்தம் ஒன்பது. எந்தக் கல்லைக் கட்டுறதுன்னு ஒரு பகல் முழுக்கப் பேசினாங்க. பொன்னுத்தாயி தினமும் புழங்குற கல்லு அம்மிக்கல்லுதான், அவ வேற எதைச் சொல்லியிருக்கப் போறான்னு சங்கிலி முடிவு பண்ணினான். கட்டினாங்க. பிஞ்சு அறுந்து விழுந்தது.

“கல்லு சரிதான், இந்தப் பிஞ்சுக்குத்தான் பழக்கமில்லை”ன்னான் இருளப்பன்.

அடுத்த பிஞ்சுல கட்டினாங்க. அதுக்கும் பழக்கமில்லை. எட்டாவது பிஞ்சு பந்தலையும் சேத்து இழுத்துக்கிட்டு விழுந்தது. ஒன்பதாவது, ஓரமா இருந்த பூவரசு மரத்துல ஏறியிருந்தது. அம்மியைத் தூக்கிட்டு மரம் ஏற முடியலை. அதனால தப்பிச்சது.

அப்பத்தான் இருளப்பனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“யார் கண்ணும்னு சொன்னாளே மதினி. அதுல நாமளும் சேர்த்தியா?”

“ஏன், நாம மட்டும் ஆளு இல்லையா?”ன்னு சங்கிலிக்குக் கோபமே வந்துடுச்சு.

அன்னையிலிருந்து கண்ணைத் துண்டால கட்டிக்கிட்டுத்தான் கொல்லைக்கே போனாங்க. தண்ணியில பாதி கொல்லையில கட்டியிருந்த ஆட்டு மேல விழுந்தது, மீதி சோணை மேல விழுந்தது. நல்லவேளை, மழை விட்டுவிட்டுப் பெய்ஞ்சது.

சொன்ன நாள்ல பொன்னுத்தாயி அப்பாவோட வந்தா. பூவரசுல ஒரே ஒரு காய், பாம்பாட்டம் சுருண்டு தொங்குச்சு. அதைப் பறிச்சுக் கூட்டு வச்சு, மொத்தத்தையும் அப்பா இலையிலயே போட்டா. மூக்கையா வழிச்சுச் சாப்பிட்டார். இப்படி ஒரு காயை என் ஆயுசுல பாத்ததில்லைன்னார். மகளை விடுறதா கூட்டிட்டுப் போறதான்னு தூங்கி எழுந்து சொல்றேன்னுட்டு, கயித்துக் கட்டில்ல சாஞ்சுட்டார்.

பாத்திரம் கழுவப் போன பொன்னுத்தாயி, அப்பா கண்ணே பட்டிருக்கும், சுத்தி முச்சந்தியில போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வாங்கன்னு சொல்லிட்டுப் போனா. சோணை உப்பும் மிளகாயும் எடுத்தான். சங்கிலி தடுத்தான்.

“கண்ணு பட்டது எதுக்கு?”

“காய்க்கு.”

“காய் எங்கே?”

“மாமா வயித்துல.”

“பட்ட கண்ணு யாரோடது?”

“மாமாவோடது.”

“ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கு. மிளகாயை எதுக்கு வீணாக்குற?”

விழுந்துடாம இருக்க மூக்கையாவைக் கட்டிலோட சேத்துக் கட்டினாங்க. முற்றத்துல கட்டிலோட தூக்கி மூணு சுத்துச் சுத்தினாங்க. முச்சந்தியில கொண்டுபோய் வச்சுட்டுத் திரும்பி நடந்தாங்க.

பத்தடி வர்றதுக்குள்ள அவர் முழிச்சுட்டார். என் மகளை இப்பவே கூட்டிட்டுப் போறேண்டான்னு கத்தினார்.

“அண்ணே, மாமா கூப்பிடுறாரு.”

“திரும்பாத சோணை. அது அவர் இல்லை, அந்தக் கண்ணு.”

இன்னும் கொஞ்ச தூரம் போனதும், அவ இங்கேயே இருக்கட்டும், கட்டை மட்டும் அவுத்து விடுங்கப்பான்னு சத்தம் வந்தது.

“பாத்தியா, கழியுது”ன்னான் சங்கிலி.

வீட்டு வாசல்ல பொன்னுத்தாயி கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னா. அப்பா முடிவைச் சொன்னாரான்னு கேட்டா.

“சொல்லிட்டாரு. நீ இங்கேயே இருக்கலாமாம்.”

அவளுக்கு அழுகையே வந்துடுச்சு. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, “அப்பா எங்கே?”ன்னா.

“அது தெரியாது”ன்னான் சங்கிலி. “நாங்க திரும்பிப் பாக்கலை.”